பாட்டு பாடும் காதுமூடியா, வெறும் காதுமூடியா?

தை பிறந்துவிட்டால் எங்களுக்கு உட்கார நேரமிருக்காது. முந்திரி பூவெடுத்துவிடும். பழம் விழத் தொடங்குவதற்குள் மரத்தடியைச் சுத்தம் செய்து கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் கொட்டை பொறுக்க வரும் பெண்கள் முள்ளுக்குள் கைவிட வேண்டியிருக்கும். நடுவீரப்பட்டிலிருந்து காடாம்புலியூர் வரைக்கும் புதர்வெட்டு. நடுவில் கடலோரமாகச் சவுக்கு அறுப்பு வந்தால் அதற்கும் ஓட வேண்டும். என்னிடம் இருப்பது இரண்டு பிரஷ் கட்டர், ஒரு பவர் சா. கட்டரை நானும் தம்பியும் பிடிப்போம், பவர் சா மச்சான் கையில். சவுக்கு என்றால் பட்டை உரிக்க மூன்று அக்காக்களும் கூட வருவார்கள்.

இந்த வருஷம் மெஷின் இரைச்சலைத் தடுக்க எல்லார் காதுக்கும் ஏதாவது வாங்கிவிடுவது என்று ஒன்பதாயிரம் ரூபாய் எடுத்து வைத்தேன். தம்பி ஒரே நிபந்தனைதான் போட்டான்: "பாட்டு இல்லாத எதையும் நான் மாட்ட மாட்டேன்ணா. நாள் பூரா செவிடன் மாதிரி நிக்க முடியாது." மச்சானோ, வேலை செய்கிற இடத்தில் பாட்டு என்னத்துக்கு என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் பத்துப் பதினைந்து நாள் இதையே விசாரித்துக்கொண்டு திரிந்தேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

தம்பியின் பிடிவாதத்தை நான் தள்ளிவிடாததற்குக் காரணம் எங்கள் சித்தப்பா. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அதுவரை கோடரியும் கைரம்பமும் வைத்திருந்த சித்தப்பா அப்போதுதான் பவர் சா வாங்கினார். ஆறேழு மாதம், விடிந்தால் அறுப்பு, பொழுது சாய்ந்தால்தான் நிறுத்தம். தலையில் துண்டு மட்டும் இருக்கும், காதில் ஒன்றும் கிடையாது. ராத்திரி சாப்பிட உட்காரும்போது காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்பார். தூங்கி எழுந்தால் போய்விடும். இப்போது அந்தச் சில்வண்டு போவதே இல்லை. "சாவி எங்க சித்தப்பா?" என்று கேட்டால் "ஆவியா?" என்கிறார். இரைச்சலில் கெடும் காது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மெல்லிய கூர்மையான ஓசைகளைத்தான் முதலில் இழக்கும். ச, ஸ எல்லாம் போய்விட்டு அ, ஆ மட்டும் நிற்கும். பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று விளங்கவில்லை என்று அவர் சொல்வது அதைத்தான். போனது திரும்பாது. தொழிலாளர் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவிக்குறையும் நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது; ஆனால் முந்திரித் தோப்புக்கு எந்த இன்ஸ்பெக்டர் வரப்போகிறார்?

சித்தப்பாவிடம் காதுமூடியே இல்லை என்று சொல்ல முடியாது. காது போக ஆரம்பித்த பிறகு ஒன்று வாங்கினார். வேர்க்கிறது, கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். கழுத்தில் கிடந்தால் அது மாலைதானே.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, கேட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. 30 டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) தடுக்கும் மூடியை எட்டு மணி நேர வேலையில் பாதி நேரம் கழற்றி வைத்தால் அந்த நாளுக்கு மொத்தமாகக் கிடைக்கும் பாதுகாப்பு வெறும் 3 டெசிபல். 48 நிமிஷம் மட்டுமே கழற்றியிருந்தாலும் 10 டெசிபலைத் தாண்டாது. மூடியில்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் காதுக்குள் போகிற சத்தம் மீதி நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே தம்பி கேட்கும் பாட்டை நான் லஞ்சமாகத்தான் பார்க்கிறேன். மூடி காதைவிட்டு இறங்காமல் இருக்க அவனுக்குக் கொடுக்கும் லஞ்சம்.

சத்தத்தின் அளவு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்கலாம் என்பது பல இடங்களில் பின்பற்றும் எல்லை. நம் தொழிற்சாலை விதிகள் 90 வரை விடுகின்றன, நான் 85-ஐயே பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி நேரம், 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 100 வந்துவிட்டால் கால் மணி. பெட்ரோல் பிரஷ் கட்டர் பிடிப்பவன் காதில் சாதாரணமாக 95 முதல் 100 வரை விழும். பவர் சா 105, 110. கையில் மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: கைநீட்டுத் தூரத்தில் நிற்பவனிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூடி எத்தனை டெசிபல் தடுக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்கக் கணக்குக்கு என்.ஆர்.ஆர்., ஐரோப்பியக் கணக்குக்கு எஸ்.என்.ஆர். 3எம் பெல்டார் எக்ஸ்5ஏ என்ற பெரிய காதுமூடியில் ஒன்று 31, இன்னொன்று 37. பொருள் ஒன்றுதான். கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் சொல்வார். இரண்டு மூடியை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே கணக்கையே பாருங்கள். அந்த எண்ணும் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. தோப்பில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு அமெரிக்கர்கள் என்.ஆர்.ஆரில் ஏழைக் கழித்து இரண்டால் வகுக்கிறார்கள். 24 என்றால் எட்டரை. 31 என்றால் பன்னிரண்டு. கொஞ்சம் கறாரான கணக்குதான், ஆனால் வேர்வையிலும் தூசியிலும் நிற்கிற நமக்குக் கறார் நல்லது. எந்த எண்ணுமே போடாமல் 'சத்தம் வராது' என்று மட்டும் எழுதிய பெட்டியைத் தொடவேண்டாம். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 9167, அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

தம்பி இப்போது செய்வது, ஊரில் பாதிப் பேர் செய்வது: போன் இயர்போனைக் காதில் சொருகிக்கொண்டு கட்டரை இழுப்பது. இது இருப்பதிலேயே மோசம். வெளிச்சத்தம் 96-ல் இருக்கும்போது பாட்டு கேட்க வேண்டுமென்றால் அதையும் மிஞ்சி வைக்க வேண்டும். காதுக்கு இரண்டு பக்கமும் அடி. சத்தத்தை ரத்து செய்யும் புளூடூத் பட்ஸ் என்று விற்பதை நம்பியும் ஏமாற வேண்டாம்; அது பஸ், விமானத்தின் 'ஹும்' என்ற அடித்தொனிக்கு உதவும், கட்டரின் கிறீச்சுக்கு அது கவசம் ஆகாது. அப்படி விற்பதில் பெரும்பாலானவற்றில் தடுப்பு எண்ணே இருக்காது.

அடுத்தது கொஞ்சம் புத்திசாலித்தனம் மாதிரித் தெரியும்: சாதாரணக் காதுமூடி வாங்கி அதற்குள் பட்ஸ் போட்டுக்கொள்வது. ஒயர் இருந்தால் மூடியின் விளிம்பு மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கு விழும், சத்தம் அதன் வழியே நுழையும். ஒயர் இல்லாத சின்ன பட்ஸ் என்றால் பரவாயில்லை. நானே ஒரு வாரம் அப்படி ஓட்டினேன். செலவு குறைவு. ஆனால் வால்யூமுக்குக் கடிவாளம் கிடையாது, அது பிடித்தவன் மனசு. தவிர மூடிக்குள் ஊறும் வேர்வையில் என் வலது பட்ஸ் எட்டாம் நாள் செத்தது.

எஃப்.எம். உள்ளேயே வைத்த காதுமூடியில் அந்தக் கடிவாளம் இருக்கிறது. ஐரோப்பியத் தரம் ஈ.என். 352-இன் எட்டாம் பகுதி இதற்கென்றே இருப்பது. பாட்டு 82 டெசிபலைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் போட்டுப் பார்த்தேன். கட்டர் 96, என்.ஆர்.ஆர். 24 மூடி எட்டரையைக் கழித்தால் உள்ளே 87.5. அதோடு 82-ல் பாட்டைச் சேர்த்தால் 88.6. பாட்டு கூட்டியது ஒரு டெசிபல் சொச்சம். கழற்றாமல் நாள் பூரா போடுவான் என்றால் அந்த ஒரு டெசிபலைக் கொடுக்கலாம். 88.6-க்கு மூன்றரை மணி நேரம்தான்; இடையில் மாற்றி மாற்றிக் கட்டர் பிடித்தால் அதற்குள் அடங்கிவிடும்.

துபாயிலிருந்து வந்த பங்காளி ஒருவர் 3எம் ஒர்க்டியூன்ஸ் வைத்திருந்தார். என்.ஆர்.ஆர். 24, ரேடியோவும் புளூடூத்தும் சேர்ந்தது. இரண்டு நாள் இரவல் வாங்கி தோப்பில் போட்டுப் பார்த்தேன். புதுச்சேரி வானொலியின் ரெயின்போ எஃப்.எம். 102.8 நெல்லிக்குப்பம் பக்கம் கணீரென்று வந்தது. காடாம்புலியூரில் முந்திரிக் கிளைக்குக் கீழே குனிந்தால் இரைந்தது, நிமிர்ந்தால் சரியானது. குனிந்து நிமிர்ந்துதான் வேலை என்பதால் பாட்டு துண்டு துண்டாகக் கேட்டது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி 107.8 எனக்குப் பிடித்த நிலையம். ஆனால் சமுதாய வானொலிக்குக் கொடுக்கும் சக்தி குறைவு, காலாப்பட்டிலிருந்து எங்கள் ஊரை எட்டாது. பாகூரைத் தாண்டி வடக்கே வேலை பார்க்கிறவர்கள் முயன்று பார்க்கலாம்.

ஏ.எம். இருக்கிறது என்று கூடுதல் காசு கொடுக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்காகச் செய்த பெட்டியில் ஏ.எம். பத்துப் பத்து கிலோஹெர்ட்ஸாக நகரும். நம் நாட்டு நிலையங்கள் ஒன்பது ஒன்பதாக அமைந்தவை. சென்னை 720 இரண்டு கணக்கிலும் விழும், பிடிக்கும். புதுச்சேரியின் 1215 விழாது. 1210, 1220 என்று இரண்டு பக்கமும் தாண்டிப் போய்விடும். பிடித்தாலும் என்ன, கட்டரின் ஸ்பார்க் பிளக் ஏ.எம். முழுக்க 'டர்ர்ர்' என்று கோடு போடும். ஜப்பானிலிருந்து வந்த பழைய செட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் அதையும் விட்டுவிடுங்கள். அவர்கள் எஃப்.எம். 76-ல் தொடங்கி 95-ல் முடியும், 102.8 அந்தப் பக்கமே இல்லை. நம்முடையது 108 வரை.

புளூடூத் மட்டும் இருக்கும் காதுமூடி ரேடியோ மூடியைவிட ஆயிரம், ஆயிரத்தைந்நூறு குறைவு. நிலையம் இரைவதில்லை, போனில் ஏற்றி வைத்ததைக் கேட்கலாம். எனக்கு இரண்டு மனத்தடை. ஒன்று, போன் வந்துகொண்டே இருக்கும். பிளேடு சுற்றும்போது காதுக்குள் திடீரென்று மணி அடித்தால் கை ஒரு நொடி தளர்ந்தே தீரும். இரண்டு, பாட்டு மாற்ற எண்ணெய்க் கையோடு போனை எடுப்பார்கள். ரேடியோ அப்படி இல்லை. அது பாட்டுக்குப் பாடும், செய்தி சொல்லும், வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்றால் அதையும் சொல்லும். நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புளூடூத்தே வாங்குகிறவர்கள் போனைப் 'பறக்கும் நிலை'யில் போட்டு புளூடூத்தை மட்டும் எழுப்பிக்கொண்டால் முதல் தொல்லை தீரும்.

வெளியே மைக் வைத்த ரகம் ஒன்றும் உண்டு. பக்கத்தில் பேசுவதை உள்ளே விடும், பெரிய சத்தம் வந்தால் 82-க்குள் அமுக்கிவிடும். ஒயர் சொருகிப் பாட்டும் கேட்கலாம். முந்திரிப் புதரில் கண்ணாடிவிரியன் சீறுவது பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும். கட்டரை அணைத்த நேரத்தில் அது கேட்க வேண்டும். கண்காணியாக நின்று எல்லாரோடும் பேசிக்கொண்டே வேலை வாங்குகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். விலையைக் கேட்டபின் நான் கண்ணைத் திறந்துகொண்டேன்.

பஞ்சுபோலத் திரித்துச் சொருகும் இயர்பிளக் பத்து இருபது ரூபாய். பாட்டு கிடையாது. 3எம் 1110 போலக் கயிறு கோத்ததில் என்.ஆர்.ஆர். 29 வரைக்கும் போட்டிருக்கும். மெலிதாகத் திரித்து, மறுகையால் தலைக்கு மேலே போய்க் காதின் மேல்நுனியைத் தூக்கி, உள்ளே விட்டு, விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காசு வீண். கை கழுவாமல் திரித்தால் காதில் சீழ். சிப்காட்டில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன்தான் செய்து காட்டினார். எனக்கு நாலாம் தடவைதான் சரியாக வந்தது.

எந்த மூடியானாலும் நம் ஊரில் அதைக் கெடுப்பது துண்டு. தலைப்பாகையின் விளிம்பு காதுக்கு மேல் வந்து, அதன் மேல் மூடியை வைத்தால் அந்த மடிப்பு வழியாக எல்லாச் சத்தமும் உள்ளே. மூடியின் தலைப்பட்டையைத் துண்டுக்கு மேலே விடலாம், மெத்தை மட்டும் தோலில் பட வேண்டும். கண்ணாடிக் காம்பும் இப்படித்தான், மெல்லிய காம்பாக இருந்தால் சேதம் குறைவு. அக்காக்களுக்கு மூடி வாங்கலாமா என்று கேட்டபோது ஒருவர் தோட்டைத் தொட்டுக் காட்டினார், இன்னொருவர் கொண்டையையும் அதிலிருந்த கனகாம்பரத்தையும். அவர்களுக்குக் கயிற்றுப் பிளக்தான். மெத்தையும் நிரந்தரமல்ல. சித்திரை வெயிலில் வேர்வை குடித்து ஆறு மாதத்தில் விறைத்துவிடும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேட்காவிட்டால் இரண்டாம் வருஷம் முழு மூடியையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மச்சான் விஷயத்தில் மச்சானே சரி. மரம் சாய்ப்பவனுக்குப் பாட்டு கூடாது. அடிமரம் 'மடக்' என்று முறியும் சத்தம், பின்னால் நிற்பவன் "ஏய் விலகு" என்று கத்துவது, எதையும் பாட்டு மறைக்கக் கூடாது. மேலும் பவர் சாவுக்கு 24 பற்றாது. 108-ல் எட்டரை போனாலும் 99.5, கால் மணி நேரத்துக் காது. எக்ஸ்5ஏ ரகம் 31, பன்னிரண்டு கழிந்து 96. உள்ளே பிளக்கும் போட்டால் இன்னுமொரு 5 கழியும். 29-ஐயும் 31-ஐயும் கூட்டி 60 என்று எண்ணிவிடக் கூடாது, ஐந்துதான் கிடைக்கும். 91 என்றால் இரண்டு மணி நேரம். பவர் சா நாளெல்லாம் ஓடினாலும் அறுக்கிற நேரம் என்று சேர்த்துப் பார்த்தால் அந்தளவுதான் வரும். மீதி நேரம் கிளை கழிப்பதும் பெட்ரோல் ஊற்றுவதும் டீ குடிப்பதும். அந்த மூடி சுமார் 350 கிராம் கனம், கழுத்து வலிக்கிறது என்று இரண்டு நாள் முனகினார். இப்போது முனகுவது கேட்கவில்லை, அவருக்கும்.

புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் வாங்கினேன். தம்பிக்கு எஃப்.எம்.மும் புளூடூத்தும் சேர்ந்தது 5,200. மச்சானுக்கு வெறும் மூடி 2,800. கயிற்றுப் பிளக் ஐம்பது ஜோடி 750. இன்டர்நெட்டில் இருநூறு முந்நூறு குறைவாகப் போட்டிருந்தார்கள். தலையில் மாட்டிப் பார்க்காமல் காதுமூடி வாங்குவது செருப்பை அளவு பார்க்காமல் வாங்குவது மாதிரி என்று நான் நினைத்ததால் அந்தக் காசு போனால் போகட்டும் என்று விட்டேன். தம்பி தலை பெரிசு. முதலில் எடுத்துக் கொடுத்த ரகம் அவன் காது மடலையே மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. காது முழுசும் குழிக்குள் அடங்க வேண்டும். அதற்குத்தான் அவனையும் கூட்டிப் போயிருந்தேன். செல் நாலும் அங்கேயே வாங்கினோம், இரண்டு மாற்றுக்கு.

எனக்கென்று மிஞ்சியது 250 ரூபாய். சித்தப்பாவின் பழைய மூடி பரணில் கிடப்பது ஞாபகம் வந்து எடுத்துத் துடைத்தேன். பட்டை இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. மெத்தை அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்த ரகத்துக்கு மாற்று மெத்தை எங்கேயும் இல்லை. முந்திரிக் கூலி வரும்வரை எனக்கும் பிளக்தான்.

பரண் சத்தம் கேட்டோ என்னவோ சித்தப்பா எழுந்து வந்தார். தம்பி புதுசை அவர் தலையில் மாட்டி 102.8-ஐ வைத்தான். அவர் குமிழைத் திருகினார். முழுசும் திருகினார். அது போகிற வரைக்கும் போய் நின்றது. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் வைடா" என்றார்.